கொச்சி யூதர்களும் விவிலிய மாந்தரும்: துணிவு, பரிவு, கல்வி

கேரளத்தின் கொச்சி நகரில், மட்டாஞ்சேரி என்னும் பகுதியில், 1568ஆம் ஆண்டு கட்டப்பட்ட யூதத் தொழுகைக்கூடம் ஒன்று உள்ளது. பரதேசி தொழுகைக்கூடம் என்பது அதன் பெயர். யூதர்கள் தங்கள் ஓய்வுநாளாகிய சனிக்கிழமைதோறும் தோராவிலிருந்து, அதாவது மோசேயின் ஐந்து நூல்களிலிருந்து, ஒரு பகுதியை உரக்க வாசிப்பார்கள். மொத்தம் 54 பகுதிகள். ஓராண்டில் வாசிப்பு முடிந்ததும் அன்றே மீண்டும் முதலிலிருந்து தொடங்கிவிடுவார்கள். ஆகவே எகிப்தில் அடிமைப்பட்டுக் கிடந்த மக்கள் விடுதலை பெற்ற வரலாறு ஆண்டுக்கொரு முறை அக்கூடத்தில் ஒலித்துக்கொண்டே இருந்தது.

அதே கூடத்தில், யூதக் குடும்பங்களில் அடிமைகளாக இருந்து விடுவிக்கப்பட்டோரின் வழிவந்தவர்கள் என்று சொல்லப்பட்ட யூதர்கள், பெஞ்சுகளில் அமர உரிமையின்றித் தரையிலும் வாயிற்படியிலும் அமர்ந்து அவ்வாசிப்பைக் கேட்டனர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை இந்நிலை நீடித்தது. இதை எதிர்த்து நின்றவர் சென்னையில் சட்டம் படித்த ஒரு வழக்கறிஞர். அவர் கையாண்ட வழி காந்தியடிகளின் சத்தியாக்கிரகம். அதற்கான காரணங்களோ அவர் சிறுவயது முதல் கேட்டுவந்த விவிலியக் கதைகளிலேயே இருந்தன. அக்கதைகளை யூத மரபு எவ்வாறு கற்பித்தது என்று முதலில் பார்த்துவிட்டால், கொச்சியில் நடந்தது எளிதில் விளங்கும்.

இரண்டு மருத்துவச்சிகள்

தமிழ் வாசகர்களில் பெரும்பாலோர் மோசே, தாவீது, எஸ்தர் முதலிய பெயர்களைக் கிறித்தவ விவிலியத்தின் பழைய ஏற்பாடு வழியாகவே அறிவர். யூதர்களுக்கும் அதே நூல்கள்தாம் மறைநூல்கள். ஆனால் அவற்றைப் படிக்கும் முறை வேறு. மூலநூலோடு, ஆசிரியர்கள் தலைமுறை தலைமுறையாக எழுப்பிய கேள்விகளும் விடைகளும் சேர்ந்தே கற்பிக்கப்படும். அவ்விவாதங்களின் பெருந்தொகுப்பு தல்மூது. கதையின் இடைவெளிகளை நிரப்பி விளக்கும் உரைமரபு மித்ராஷ். நம் சங்கப் பாடல்களை உரையாசிரியர் துணையின்றிப் படிக்க முடியாதல்லவா, ஏறத்தாழ அப்படித்தான்.

துணிவு என்றால் கோலியாத்தை வீழ்த்திய தாவீது நினைவுக்கு வருவார். யாத்திராகமத்தின் முதல் அதிகாரத்தில் அவருக்கு நெடுங்காலம் முந்திய இருவர் இருக்கிறார்கள். அவர்கள் சிப்பிராள், பூவாள் என்னும் மருத்துவச்சிகள். எபிரேயப் பெண்களுக்குப் பிறக்கும் ஆண்குழந்தைகளைக் கொன்றுவிடுமாறு எகிப்து மன்னன் அவர்களுக்கு ஆணையிடுகிறான். அவர்கள் செய்யவில்லை. ஏன் என்று மன்னன் அதட்டியபோது, எபிரேயப் பெண்கள் வலிமையானவர்கள், நாங்கள் போய்ச் சேருவதற்குள் பெற்றுவிடுகிறார்கள் என்று சாமர்த்தியமாகச் சொல்லித் தப்பிக்கிறார்கள். அந்த மன்னனின் இயற்பெயரை நூல் எங்கும் சொல்லவில்லை. பார்வோன் என்ற பட்டத்தோடு விட்டுவிடுகிறது. மருத்துவச்சிகள் இருவரின் பெயரையும் குறித்து வைத்திருக்கிறது.

இவர்களைப் பற்றித் தல்மூது ஒரு செய்தியைக் கூட்டுகிறது. குழந்தைகளைக் கொல்லாமல் விட்டதோடு அவர்கள் நின்றுவிடவில்லையாம். ஏழைத் தாய்மாருக்கு உணவும் நீரும் கொண்டுபோய்க் கொடுத்தார்களாம். இவர்கள் எபிரேயரா, எபிரேயருக்குப் பேறுகாலம் பார்த்த எகிப்தியரா என்பதும் பழைய விவாதம். மோசேயின் தாயும் தமக்கையுமே இவர்கள் என்று 11ஆம் நூற்றாண்டு உரையாசிரியர் ராஷி பழைய மரபை ஒட்டி எழுதினார். எகிப்தியர் என்று கொண்டவர்களும் உண்டு. இரண்டாவது கருத்தின்படி, யூத வரலாற்றின் முதல் சட்டமறுப்பை நடத்தியவர்கள் யூதரல்லாத இரு பெண்கள் ஆவர்.

மோசேயின் கதையிலும் இப்படி ஒரு நுட்பம் உண்டு. இறைவன் அழைப்பதற்கு முன்பே மோசே மூன்று முறை தலையிடுகிறார். முதலில், எபிரேயனை அடித்த எகிப்தியனைத் தடுக்கிறார். அடுத்து, தங்களுக்குள் சண்டையிட்ட இரு எபிரேயரை விலக்குகிறார். மூன்றாவதாக, மீதியான் நாட்டுக் கிணற்றடியில், முன்பின் அறியாத பெண்களை முன்பின் அறியாத மேய்ப்பர்கள் விரட்டியபோது பெண்களுக்காக எழுந்து நிற்கிறார். தன்னவன், அயலான் என்ற கணக்கு மூன்றாவது நிகழ்ச்சியில் அறவே இல்லை. இந்த வரிசையை எடுத்துக்காட்டியவர் நெகாமா லீபோவிட்ஸ் என்னும் பெண் ஆசிரியர். அவரைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

நகசோன் கதை மித்ராஷ் முறைக்கு நல்ல எடுத்துக்காட்டு. விவிலியத்தில் அவர் யூதா குலத்தின் தலைவர் என்ற அளவில்தான் வருகிறார். ஆனால் செங்கடல் பிளக்கும் முன்பே, எல்லாரும் கரையில் தயங்கி நின்றபோது, மூக்குவரை நீர் ஏறும் அளவுக்குக் கடலுக்குள் நடந்துபோனவர் அவர்தான் என்று ஆசிரியர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். இன்றும் எபிரேய மொழியில், தயக்கமின்றி முதலில் இறங்குபவரை நகசோன் என்று சொல்வதுண்டு.

எஸ்தர் நூலில் நம் நாட்டுப் பெயரே வருகிறது. அகாஸ்வேரு மன்னன் இந்தியா முதல் எத்தியோப்பியாவரை 127 நாடுகளை ஆண்டான் என்பதே அந்நூலின் தொடக்கச் செய்தி. எபிரேயத்தில் இந்தியாவுக்கு ஹோது என்று பெயர். அழைப்பின்றி மன்னன் முன் சென்றால் உயிர் போகும் என்ற சட்டம் இருந்தும், தன் மக்களைக் காக்க எஸ்தர் உள்ளே போகிறாள். அதன் நினைவாகக் கொண்டாடப்படும் பூரிம் திருநாளில் ஏழைகளுக்குக் கொடை அளிப்பது கட்டாயக் கடமை.

ஆகாருக்காகப் பேசிய உரையாசிரியர்

பரிவு என்று பேசும்போது யூத ஆசிரியர்கள் முதலில் காட்டுவது ஆபிரகாமை. அவருடைய கூடாரம் நாற்புறமும் திறந்திருந்ததாம். எத்திசையிலிருந்து வரும் வழிப்போக்கரும் சுற்றிவர வேண்டாம் என்பதற்காக. சோதோம் நகரை அழிக்கப்போவதாக இறைவன் சொன்னபோது, அங்கே 50 நல்லவர்கள் இருந்தால் என்று தொடங்கி, 10 பேர் இருந்தால் என்பதுவரை அவர் வாதாடுகிறார். இறைவனிடமே வாதாடலாம் என்பது யூத மரபில் தெய்வக்குற்றம் ஆகாது; அது ஆபிரகாமின் சிறப்பாகவே போற்றப்படுகிறது.

ஆனால் இதே ஆபிரகாமின் வீட்டில்தான் ஆகார் என்னும் எகிப்திய அடிமைப்பெண் துன்புற்றாள். எசமானி சாராள் அவளைக் கடுமையாக நடத்தவே, அவள் பாலைவனத்துக்கு ஓடிப்போகிறாள். இந்த இடத்தில் 13ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் வாழ்ந்த நாக்மனிதஸ் என்னும் பேரறிஞர் பூசி மெழுகவில்லை. ஆகாரைத் துன்புறுத்தியதால் சாராள் பாவம் செய்தாள், அதற்கு இடம் கொடுத்த ஆபிரகாமும் பாவம் செய்தார் என்று வெளிப்படையாக எழுதிவைத்தார். சொந்தக் குலத்தின் முதல் தாய் தந்தையர் மீது வைக்கப்பட்ட இக்குற்றச்சாட்டு நீக்கப்படாமல், பல நூற்றாண்டுகளாக மறைநூலோடு சேர்த்துப் படிக்கப்பட்டு வருகிறது. என் கருத்தில், யூத மரபின் பெருமைகளுள் இது முன்வரிசையில் வைக்கத்தக்கது.

ரெபெக்காளின் கதை சிறியது. அயலூரிலிருந்து வந்த களைத்த முதியவர் ஒருவர் குடிக்கத் தண்ணீர் கேட்கிறார். அவள் அவருக்குக் கொடுத்துவிட்டு, கேட்காமலே அவருடைய பத்து ஒட்டகங்களுக்கும் நீர் இறைக்கிறாள். கிணற்றில் நீர் இறைத்துப் பழகியவர்களுக்கு இதன் பளு தெரியும்.

ரூத்தின் கதை இன்னும் நெருக்கமானது. அவள் மோவாபு நாட்டுப் பெண். இஸ்ரவேலருக்கு ஆகாத இனம். கணவன் இறந்தபின் தன் ஊரிலேயே இருந்துவிட வாய்ப்பு இருந்தும், தள்ளாத மாமியார் நகோமியைத் தனியே விடாமல் அவளோடு பெத்லகேமுக்கு வருகிறாள். அறுவடை வயலில் சிந்திய கதிர்களை ஏழைகளும் அந்நியர்களும் பொறுக்கிக்கொள்ள விடவேண்டும் என்ற சட்டத்தால் இருவர் வயிறும் நிறைகிறது. வயலுக்குரிய போவாஸ் அவளை மணக்கிறார். அவர்களுடைய மகன் ஓபேது, ஓபேதின் மகன் ஈசாய், ஈசாயின் மகன் தாவீது மன்னர். இஸ்ரவேலின் தலைசிறந்த மன்னருக்குப் பாட்டனைப் பெற்றவள் வேற்றினத்துப் பெண் என்பதை அந்நூல் மறைக்காமல் சொல்கிறது. சுத்தம் அசுத்தம் பற்றியோ சடங்கு பற்றியோ இந்நூலில் ஏதும் இல்லையே, பிறகு எதற்காக எழுதினார்கள் என்று பழைய ஆசிரியர் ஒருவர் கேட்டு, பரிவு காட்டுவோர்க்கு உண்டாகும் பயனைக் கற்பிக்கத்தான் என்று விடை சொன்னார்.

அந்நியனை ஒடுக்காதே என்ற எச்சரிக்கை தோராவில் 36 இடங்களில் வருவதாகத் தல்மூது எண்ணிச் சொல்கிறது. 46 என்று எண்ணியவர்களும் உண்டு. எகிப்தில் நீங்களும் அந்நியராக இருந்தீர்கள் என்பதே அதற்குத் தரப்படும் காரணம். அன்றாடக் கூலிக்காரன் உள்ளூரானாக இருந்தாலும் அயலூரானாக இருந்தாலும், சூரியன் மறையுமுன் அவன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்பது உபாகமத்தில் உள்ள சட்டம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் மாலை ஷிப்ட் விடும் நேரத்தில், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த இளைஞர்கள் சாரிசாரியாக நடந்துபோவதைப் பார்க்கும் எங்களைப் போன்றவர்களுக்கு இச்சட்டம் பழங்கதையாகத் தோன்றாது. அவர்களுடைய பிள்ளைகள் ஊர்ப் பள்ளிகளில் நம் பிள்ளைகளோடு தமிழ் எழுத்துக் கற்கிறார்கள். அவர்களை நாம் எந்தப் பெயரால் அழைக்கிறோம் என்பது வாசகர்களுக்கே தெரியும்.

பள்ளி என்னும் சொல்

மலையாளத்தில் யூதத் தொழுகைக்கூடத்தை யூதப்பள்ளி என்கிறார்கள். கிறித்தவக் கோயிலும் மசூதியும்கூட அங்கே பள்ளிதான். தமிழில் பள்ளி என்றால் படிக்கும் இடம். பள்ளிவாசல் என்றால் தொழும் இடம். ஐரோப்பிய யூதர்களின் இத்திஷ் மொழியிலும் தொழுகைக்கூடத்துக்கு வழங்கும் சொல் ஷூல். அதற்கும் பள்ளிக்கூடம் என்பதே நேர்ப்பொருள். யூதர்கள் மோசேயை அரசர் என்றோ படைத்தலைவர் என்றோ அழைப்பதில்லை. நம் ஆசிரியர் மோசே என்பதே அவருக்கு வழங்கும் பெயர்.

கல்விக்கு எடுத்துக்காட்டாக ஆசிரியர்கள் காட்டுபவர்களில் பெண்கள் கணிசமாக உள்ளனர். செலொப்பியாத் என்பவருக்கு மகன் இல்லை. மக்லாள், நோவாள், ஓக்லாள், மில்காள், திர்சாள் என ஐந்து மகள்கள். மகன் இல்லாத காரணத்தால் எங்கள் தந்தையின் பங்கு ஏன் அழியவேண்டும் என்று அவர்கள் மோசேயின் முன்னும் மக்கள் தலைவர்கள் முன்னும் நின்று கேட்டார்கள். மோசேயால் விடை சொல்ல முடியவில்லை, இறைவனிடம் கேட்கிறார். பெண்கள் சொல்வது சரி என்று தீர்ப்பு வருகிறது, சட்டம் மாறுகிறது. சட்டத்தை நன்கு அறிந்து, தக்க நேரம் பார்த்து வாதாடியவர்கள் என்று தல்மூது அவர்களைப் பாராட்டுகிறது. தமிழ்நாட்டில் மகளுக்கும் குடும்பச் சொத்தில் சமபங்கு என்ற சட்டத்திருத்தம் 1989இல்தான் வந்தது. இக்கதையை அக்கால மாணவியர் எவ்வளவு ஆவலோடு கேட்டிருப்பார்கள் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

யோசியா மன்னன் காலத்தில் எருசலேம் ஆலயத்தில் பழைய சட்டச்சுருள் ஒன்று கிடைத்தது. அதன் பொருள் என்ன, என்ன செய்யவேண்டும் என்று அறிய மன்னனின் ஆட்கள் உல்தாள் என்னும் பெண் தீர்க்கதரிசியிடம் போனார்கள். எரேமியா போன்ற பெரியவர் இருக்க இவளிடம் ஏன் போனார்கள் என்று தல்மூது கேட்கிறது. பெண்கள் இரக்கமுடையவர்கள் என்பதனால் என்பது அங்கே தரப்படும் விடைகளுள் ஒன்று. கல்வியையும் இரக்கத்தையும் ஒருவரிடமே தேடியிருக்கிறார்கள்.

பாபிலோன் சிறையிருப்புக்குப்பின் எஸ்றா மக்களை எருசலேமின் தண்ணீர் வாசல் முன் கூட்டி, விடியற்காலம் முதல் நண்பகல்வரை சட்டநூலை வாசித்தார். ஆண்கள், பெண்கள், கேட்டு அறியக்கூடிய எல்லாரும் அங்கே இருந்தனர் என்று நெகேமியா நூல் தெளிவாகக் குறிக்கிறது. வாசித்ததோடு நில்லாமல், மக்களுக்கு விளங்கும்படி பொருள் சொல்லவும் ஆட்கள் இருந்தனர்.

அகீபா என்னும் பேராசிரியர் பாடம் நடத்தும்போது மாணவர்கள் தூங்கி வழிந்தார்களாம். அவர்களை எழுப்ப அவர் ஒரு புதிர் போட்டார்: எஸ்தர் 127 நாடுகளுக்கு அரசியானது எதனால்? அவளுடைய மூதாட்டி சாராள் 127 ஆண்டுகள் வாழ்ந்ததனால். மதிய உணவுக்குப் பிந்திய முதல் பாடவேளையை நடத்திய எவருக்கும் அகீபாவின் நிலை புரியும்.

முன்னர் குறிப்பிட்ட நெகாமா லீபோவிட்ஸ் 1905இல் ரீகா நகரில் பிறந்து, எருசலேமில் வாழ்ந்து, 1997இல் மறைந்தார். 1942இல் தொடங்கி ஏறத்தாழ 30 ஆண்டுகள், அந்தந்த வாரத் தோராப் பகுதியிலிருந்து கேள்விகள் அடங்கிய தாள் ஒன்றை அச்சிட்டு அனுப்பிக்கொண்டிருந்தார். போர்வீரர், உழவர், இல்லத்தரசியர், செவிலியர் எனப் பலதரப்பட்டோர் விடை எழுதி அனுப்ப, சிவப்பு மையால் திருத்தித் திருப்பி அனுப்புவார். 1956இல் இஸ்ரேல் பரிசு பெற்றார். அவர் விருப்பப்படி, கல்லறைக் கல்லில் பெயருடன் ஆசிரியர் என்ற ஒரு சொல் மட்டுமே பொறிக்கப்பட்டது.

முசிறிக்கோட்டிலிருந்து மட்டாஞ்சேரிக்கு

கேரளத்தில் யூதர்கள் இருந்ததற்கான உறுதியான பழைய சான்று, கி.பி. 1000ஆம் ஆண்டளவில் சேர மன்னன் பாஸ்கர ரவி வர்மன் யோசேப்பு ரப்பான் என்னும் யூத வணிகத் தலைவருக்கு அளித்த செப்பேடு. அது வட்டெழுத்தில் எழுதப்பட்டது. தமிழ்க் கல்வெட்டு படித்தவர்கள் அதன் மொழியைப் பெருமளவு புரிந்துகொள்ளலாம். முயிரிக்கோட்டில் இருந்துகொண்டு மன்னன் அவருக்கு அஞ்சுவண்ணம் என்னும் வணிகக் குழுவின் உரிமையையும், பல்லக்கு, குடை, விளக்கு முதலான 72 சிறப்புரிமைகளையும் வழங்கினான். முயிரிக்கோடு நம் சங்க இலக்கியம் பேசும் முசிறியே ஆகும். அயலிலிருந்து வந்தவர்களுக்கு ஒரு மன்னன் அளித்த மதிப்பு அது.

16ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின், போர்த்துக்கல் நாடுகளிலிருந்து விரட்டப்பட்ட யூதர்களும், மேற்கு ஆசியாவிலிருந்து வந்தவர்களும் கொச்சியில் குடியேறினர். இவர்களைப் பரதேசிகள் என்றனர். முன்பே இருந்தவர்கள் மலபாரிகள். பரதேசிகளிடையே, அவர்கள் வீட்டு ஊழியர்களாகவும் அடிமைகளாகவும் இருந்து யூத சமயம் தழுவி விடுதலை பெற்றவர்களும், அவர்களுடைய வழித்தோன்றல்களும் தனிப்பிரிவாகக் கருதப்பட்டனர். எபிரேயத்தில் அவர்களை மெஷுஹ்ராரிம், அதாவது விடுவிக்கப்பட்டோர், என்றனர். எத்தனை தலைமுறை ஆனாலும் அந்தப் பெயர் அவர்களை விடவில்லை.

அடிமை வணிகம் அக்காலக் கடற்கரை எங்கும் இருந்தது. திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காட்டில் 1613இல் கெல்டிரியா கோட்டையை எழுப்பிய டச்சுக் கம்பெனி, துணியோடு மனிதர்களையும் கப்பலேற்றிப் பத்தாவியாவுக்கு அனுப்பியது. பஞ்ச காலங்களில் பெற்றோரே பிள்ளைகளை விற்கும் நிலை இருந்தது. பழவேற்காட்டு டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் சித்திர வேலைப்பாடுகளைப் பார்க்கப் போகும் மாணவர்களுக்கு இந்தச் செய்தியையும் சொல்வது நல்லது. இதே டச்சுக்காரர்கள் 1663இல் போர்த்துக்கீசியரிடமிருந்து கொச்சியைக் கைப்பற்றியபோது, அங்கிருந்த யூதர்களுக்கு அது விடிவாக அமைந்தது. போர்த்துக்கீசியர் 1662இல் சேதப்படுத்திய பரதேசி தொழுகைக்கூடம் மீண்டும் எழுப்பப்பட்டது. ஒரே கம்பெனி ஒரு கரையில் சிலரை விடுவித்தது, மறுகரையில் சிலரை விற்றது.

கொச்சியின் பாகுபாடு அறியாமையால் வந்தது என்று சொல்லிவிட முடியாது. 16ஆம் நூற்றாண்டிலேயே இப்பிரச்சினை கெய்ரோவில் வாழ்ந்த தாவீது இபின் சிம்ரா என்னும் சமயச் சட்ட அறிஞருக்குக் கடிதமாகப் போனது. முறைப்படி விடுவிக்கப்பட்டுச் சமயச் சடங்கு நிறைவேற்றப்பட்டவர்கள் முழு யூதரே, அவர்களோடு மணவுறவு கொள்ளலாம் என்பதே அவர் அளித்த விடை. தீர்ப்பு வந்தது, வழக்கம் மாறவில்லை. இந்தியாவில் சாதி கண்ட எவருக்கும் இதில் வியப்பிருக்காது. பஸ்கா திருநாளுக்குப் பல வாரங்களுக்கு முன்பே வீட்டுக்கு வெள்ளையடித்து, அரிசியைக் குருணை குருணையாகப் பொறுக்கிச் சுத்தம் பார்த்த சமூகம் இது. அந்தத் திருநாளின் மையச் சடங்கே, எகிப்தின் அடிமைத்தளையிலிருந்து தானே விடுபட்டு வந்ததாக ஒவ்வொருவரும் தன்னை எண்ணிக்கொள்வதுதான்.

சென்னையில் படித்த சலேம்

ஆபிரகாம் பராக் சலேம் 1882இல் மட்டாஞ்சேரியில் அந்த விடுவிக்கப்பட்டோர் குடும்பம் ஒன்றில் பிறந்தார். எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் படித்தபின் சென்னைக்கு வந்து இளங்கலைப் பட்டம் பெற்றார். தம் சமூகத்தின் முதல் பட்டதாரி அவரே. சட்டப் பட்டமும் சென்னையில்தான் பெற்றார். சென்னைக்கும் யூதர்களுக்கும் அதற்கு முன்பே பழைய தொடர்பு உண்டு. 17ஆம் நூற்றாண்டில் கோல்கொண்டா வைரத்துக்கும் மத்தியதரைக் கடல் பவளத்துக்குமாக யூத வணிகர்கள் இங்கே வந்தனர். ஜார்ஜ் டவுனில் உள்ள பவளக்காரத் தெரு அக்காலத்தின் சுவடு. சலேம் தேடி வந்தது வேறு சரக்கு.

ஊர் திரும்பி எர்ணாகுளத்தில் வழக்கறிஞரானார். கொச்சி சமஸ்தானச் சட்டமன்றத்தில் 1925 முதல் 1931 வரையிலும், பிறகு 1939 முதல் 1945 வரையிலும் உறுப்பினராக இருந்தார். தொழிற்சங்கம் கட்டினார். முழு விடுதலைத் தீர்மானம் நிறைவேறிய 1929 லாகூர் காங்கிரசு மாநாட்டில் கலந்துகொண்டார். சட்டமன்றத்தில் மற்றவர்களுக்குச் சமமாக அமர்ந்த அவருக்கு, சொந்தத் தொழுகைக்கூடத்தில் அமர இடம் இல்லை. தோரா வாசிக்க அவர் பிரிவினரை அழைப்பதும் இல்லை.

கொச்சிக்குச் சிறிது தெற்கே வைக்கத்தில், கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்காக 1924, 1925 ஆண்டுகளில் நடந்த சத்தியாக்கிரகத்தைத் தமிழ் மாணவர்கள் நன்கறிவர். பெரியார் அங்கே சிறை சென்றார். அதே காலச் சூழலில், அதே கருவியைச் சலேம் தொழுகைக்கூடத்துக்குள் எடுத்துச் சென்றார். தம் பிள்ளைகளோடு படியில் அமர்ந்தும், சில காலம் வழிபாட்டைப் புறக்கணித்தும் எதிர்ப்பைத் தெரிவித்தார். கைகலப்பு இல்லை, வழக்குமன்றம் இல்லை. தோராவை அறிந்தவர்களிடம் தோராவைக் கொண்டே கேட்டதுதான் அவர் பலம். தம் பங்கைக் கேட்ட செலொப்பியாத்தின் மகள்களைப்போல, சட்டத்தை மீறாமல் அதன் உள்ளே நின்று வாதாடினார் எனலாம். யூதர்களின் காந்தி என்று அவரைச் சிலர் அழைத்தனர்.

மாற்றம் மெல்ல வந்தது. பின்வரிசைப் பெஞ்சுகளில் அமர உரிமை கிடைத்தது. பிறகு வாசிப்பில் பங்கு கிடைத்தது. 1930களின் நடுப்பகுதியில் பழைய தடைகளில் பலவும் தளர்ந்துவிட்டன. கடைசிவரை இறுகிக் கிடந்தது மணவுறவு. சலேமின் மகன் பால்ஃபோர் பரதேசிக் குடும்பத்துப் பெண் ஒருவரை 1950இல் மணக்க விரும்பியபோது, கொச்சியில் திருமணம் நடத்த முடியாமல் பம்பாய்க்குச் சென்றார்கள். நாடு விடுதலை பெற்று மூன்றாண்டுகள் ஆகியிருந்தன. இபின் சிம்ராவின் தீர்ப்புக்கோ ஏறத்தாழ 400 வயது ஆகியிருந்தது.

பாடிய பெண்கள்

கொச்சி யூதப் பெண்கள் விவிலியக் கதைகளை மலையாளப் பாட்டாகப் பாடினர். யோசேப்பு, மோசே, தாவீது எனப் பலரும் அப்பாடல்களில் வருவர். கையெழுத்து நோட்டுகளில் எழுதிவைத்துத் தாய் மகளுக்குக் கொடுத்துவந்தார்கள். பெண்கள் ஆண்கள் முன் பாடுவது யூத உலகில் பல இடங்களில் தடுக்கப்பட்டிருந்தது. கேரளத்தில் அத்தடை இல்லை. திருமணத்திலும் திருநாளிலும் ஆண்கள் அமர்ந்து கேட்டனர். கேரளத் தொழுகைக்கூடங்களின் அமைப்பிலும் ஒரு தனித்தன்மை உண்டு. மாடியில், பெண்கள் பகுதியை ஒட்டி, இரண்டாவது வாசிப்பு மேடை ஒன்று இருக்கும். ஓய்வுநாளிலும் திருநாளிலும் தோரா அங்கிருந்து வாசிக்கப்பட்டதால் பெண்களுக்கு அது வெகு அருகில் கேட்டது.

ஸ்கரியா சக்கரியா, ஓபிரா கம்லியேல் இருவரும் இப்பாடல்களைக் கார்குழலி என்ற பெயரில் 2005இல் வெளியிட்டனர். அதற்குமுன் அவற்றுள் பலவற்றை மொழிபெயர்த்தவர் ரூபி தானியேல். 1912இல் பிறந்த இவரும் விடுவிக்கப்பட்டோர் பிரிவைச் சேர்ந்தவர். இரண்டாம் உலகப்போரில் இந்தியக் கடற்படையின் மகளிர் பிரிவில் பணியாற்றி, 1951இல் இஸ்ரேலுக்குச் சென்றார். 1995இல் வெளிவந்த அவருடைய தன்வரலாற்றில், தொழுகைக்கூடத்தில் பட்ட அவமதிப்பும் இருக்கிறது, பாட்டின் இனிமையும் இருக்கிறது. ஒன்றுக்காக மற்றொன்றை அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

1950களின் நடுப்பகுதிக்குள் கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தனர். யானைக்கால் நோய் பரவும் என்ற அச்சத்தால் அந்நாட்டு அதிகாரிகள் தொடக்கத்தில் அவர்களைச் சேர்க்கத் தயங்கியபோது, அவர்களுக்காகப் பேசியவர்களில் சலேமும் ஒருவர். ஆனால் அவர் போகவில்லை. 1967இல் மறையும்வரை மட்டாஞ்சேரியிலேயே இருந்தார். அங்கு ஒரு தெரு இன்று அவர் பெயரால் வழங்குகிறது.

யூதத் தெருவில் பூவேலைத் துணிக்கடை நடத்திவந்த சாரா கோகன் 2019இல், 96 வயதில், காலமானார். பிள்ளைகள் இல்லாத அவரை முதுமையில் உடனிருந்து பார்த்துக்கொண்டவர், சிறுவயதிலேயே அக்குடும்பத்தோடு பழகிய ஒரு முஸ்லிம் அன்பர். யூத முறைப்படியான உணவு, ஓய்வுநாள் விளக்கு ஆகியவை தவறாமல் நடக்கும்படி அவர் கவனித்துக்கொண்டார்.

யூத முறைப்படி கூட்டு வழிபாடு நடத்தப் பத்து ஆண்கள் வேண்டும். பரதேசி தொழுகைக்கூடத்தில் இன்று உள்ளூர்க்காரர்களைக் கொண்டு அந்தப் பத்துப் பேரைச் சேர்க்க முடியாது. வெளிநாட்டிலிருந்து யூதப் பயணிகள் வந்தால்தான் தோரா வெளியே எடுக்கப்படும். மற்ற நாள்களில் சுற்றுலாப் பயணிகள் செருப்பைக் கழற்றிவிட்டு, சீனத்திலிருந்து வந்த நீலநிற ஓடுகள் பதித்த தரையில் நடந்து பார்க்கிறார்கள். பெஞ்சுகள் காலியாக இருக்கின்றன.